இல்லாததைத் தேடுவது எப்படி: தேடல் இண்டெக்ஸில் விடுபட்ட புலங்களைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் தமிழர்கள் அதிகம் போய்வரும் இடங்களுக்கு ஒரு விவரத்திரட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோயில், மளிகைக் கடை, உணவகம், துணைப்பாட நிலையம், மருந்தகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆவணம். ஆவணத்துக்குள் ஆங்கிலப் பெயர், தமிழ்ப் பெயர், வட்டாரம், முகவரி, யூனிட் எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, தொலைபேசி என்று பல புலங்கள். எல்லாம் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் இயந்திரத்தின் இண்டெக்ஸில் ஏறிவிட்டது. தேக்காவில் சைவ உணவகம் தேடினால் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வருகிறது. அப்போது தரவைக் கவனிக்கும் தொண்டூழியர் கேட்கிறார்: "தமிழ்ப் பெயர் போடாத இடங்கள் எவை? பட்டியல் கொடுங்கள், இந்த வாரமே நிரப்பிவிடலாம்."

கேள்வி எளிதுதான். ஆனால் தேடல் இயந்திரம் கட்டப்பட்டிருப்பது இதற்கு நேர் எதிரான வேலைக்கு. அதனால்தான் புதிதாக வருபவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். பட்டியல் வராது, அல்லது மொத்த இண்டெக்ஸும் பட்டியலாக வந்து நிற்கும்.

ஓர் இண்டெக்ஸை உருவாக்கி, ஆவணம் ஏற்றி, சாதாரண வினவல் அனுப்பத் தெரிந்தவர்களுக்கான வழிகாட்டி இது. எலாஸ்டிக்சர்ச் 7, 8 பதிப்புகளை மனத்தில் வைத்து எழுதியது. ஓபன்சர்ச் 2021இல் எலாஸ்டிக்சர்ச் 7.10இலிருந்து பிரிந்தது என்பதால் இங்குள்ள அடிப்படை வினவல்கள் அதிலும் அப்படியே ஓடும். வினவல் சொற்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டச்சிடும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடுங்கள், அடிக்கோடு உள்ள இடத்தில் அடிக்கோட்டையும் விட்டுவிடாதீர்கள்.

இயந்திரம் எதை எழுதி வைக்கிறது

எலாஸ்டிக்சர்ச்சின் அடியில் இருப்பது லூசீன் என்ற தேடல் நிரல் நூலகம். லூசீன் ஆவணத்தைப் படித்து அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பட்டியல் போடுகிறது. வகை என்ற புலத்தில் 'கோயில்' என்ற சொல் எந்தெந்த ஆவண எண்களில் இருக்கிறது என்பது ஒரு வரி. 'உணவகம்' என்பது இன்னொரு வரி. தேடும்போது அந்த வரியை எடுத்து நீட்டினால் வேலை முடிந்தது.

தமிழ்ப் பெயர் இல்லாத ஆவணம் அந்தப் புலத்தின் எந்த வரியிலும் இருக்காது. வருகைப் பதிவேட்டில் வந்தவர்கள் கையெழுத்து மட்டும் இருக்கும். வராதவர் யார் என்று தெரிய மொத்தப் பெயர்ப் பட்டியலையும் எடுத்துவைத்துக் கழிக்கத்தான் வேண்டும். இங்கேயும் அதே கதைதான்: எல்லா ஆவணங்களையும் எடு, புலம் உள்ளவற்றைக் கழி, மிச்சம் விடை. மொத்தம் பெரிதாக இருந்து மிச்சம் சிறியதாக இருந்தால், சில நூறு ஆவணங்களைக் கண்டுபிடிக்கச் சில கோடி ஆவணங்களைக் கடந்து போக நேரும்.

இதற்கு இரண்டு வழிகள். எப்போதாவது கேட்கும் கேள்வி என்றால், கேட்கும் நேரத்தில் கழித்துக்கொள்ளலாம். தினமும் கேட்கும் கேள்வி என்றால், ஆவணம் ஏறும் நேரத்திலேயே 'இது இல்லை' என்பதையும் ஒரு சொல்லாக எழுதி வைத்துவிடலாம். முதலில் கழிக்கும் வழியைப் பார்ப்போம்.

எந்த 'இல்லை'?

வினவலைத் தொடுவதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மனிதர் கண்ணுக்கு ஒரே வெறுமையாகத் தெரிவது இயந்திரத்துக்கு ஐந்தாறு வெவ்வேறு நிலைமைகள்.

புலமே ஜேசனில் இல்லை. புலம் இருக்கிறது, மதிப்பு 'நல்' (null), அதாவது 'மதிப்பு இல்லை' என்ற குறி. புலம் இருக்கிறது, மதிப்பு வெற்று அடைப்பு, அதாவது உள்ளே ஒன்றுமில்லாத வரிசை. இந்த மூன்றும் எலாஸ்டிக்சர்ச்சுக்கு ஒன்றுதான்: புலம் இல்லை. வரிசைக்குள் ஒரு நல்லும் ஒரு உண்மையான மதிப்பும் இருந்தால் அது 'இருக்கிறது' கணக்கில் சேரும்.

வெற்றுச் சரம் அப்படியல்ல. மேற்கோள் குறி இரண்டு, நடுவே ஒன்றுமில்லை என்றால் அது மதிப்பு உள்ள புலம். ஒற்றைக் கோடு, 'என்.ஏ.', ஓர் இடைவெளி, '000000' என்ற அஞ்சல் குறியீடு எல்லாமே மதிப்புகள். எக்செல் தாளிலிருந்து ஏற்றிய தரவில் இவைதான் அதிகம் இருக்கும், ஏனென்றால் வெற்றுக் கட்டத்தைப் பல ஏற்றுமதி நிரல்கள் வெற்றுச் சரமாகத்தான் எழுதும். அப்படிப்பட்ட இண்டெக்ஸில் 'விடுபட்டவை' என்று கேட்டால் சுழியம் வரும். ஆள் மகிழ்ந்துபோய் விட்டுவிடுவார்.

அடுத்தது கொஞ்சம் வஞ்சகமானது: மதிப்பு மூல ஆவணத்தில் இருக்கும், இண்டெக்ஸில் இருக்காது. மேப்பிங்கில், அதாவது எந்தப் புலம் எந்த வகை என்று சொல்லும் அமைப்பில், எதுவும் சொல்லாமல் சரத்தை ஏற்றினால் எலாஸ்டிக்சர்ச் அதைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் டெக்ஸ்ட் புலமாக்கி, கூடவே முழுச் சரத்தையும் பிரிக்காமல் வைக்கும் கீவேர்ட் என்ற துணைப்புலத்தையும் சேர்க்கும். அந்தத் துணைப்புலத்துக்கு இக்னோர்_அபவ் 256 என்று எல்லை இருக்கும். அதைத் தாண்டிய சரம் துணைப்புலத்தில் ஏறாது. தமிழில் இந்த எல்லை நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. ஆக 256 என்பது தமிழில் ஏறத்தாழ 150 எழுத்து, சுமாரான இரண்டு வாக்கியம். விளக்கம் என்ற புலத்தின் கீவேர்ட் துணைப்புலத்தில் 'இல்லாதவை' கேட்டால் நீளமாக, அக்கறையோடு எழுதப்பட்ட விளக்கங்களே விடுபட்டவையாகப் பட்டியலில் வரும்.

எண் புலத்துக்கு, வகைக்குப் பொருந்தாத மதிப்பைக் கைவிடச் சொல்லும் இக்னோர்_மால்ஃபார்ம்ட் போட்டிருந்தாலும் இதே கதை. அஞ்சல் குறியீட்டை எண்ணாக வைத்து, யாராவது 'சிங்கப்பூர் 218042' என்று உள்ளிட்டிருந்தால், ஆவணம் ஏறும், அந்தப் புலம் மட்டும் கைவிடப்படும். இப்படிக் கைவிடப்பட்ட புலங்களின் பெயரை எலாஸ்டிக்சர்ச் _இக்னோர்ட் என்ற உட்புலத்தில் குறித்துவைக்கிறது. அதில் அஞ்சல் குறியீட்டுப் புலத்தின் பெயரைத் தேடினால், 'விவரமே இல்லை' என்பதையும் 'விவரம் வந்தது, ஏறவில்லை' என்பதையும் பிரித்துவிடலாம். முன்னதைத் தொண்டூழியரிடம் அனுப்புங்கள். பின்னது நிரலாளர் வேலை.

சொல்லப்போனால் அஞ்சல் குறியீட்டை எண்ணாக வைப்பதே தவறு. சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் குறியீடு 058793. எண்ணாக ஏற்றினால் முன்னால் உள்ள சுழியம் போய் 58793 ஆகிவிடும். புலம் இருக்கிறது என்றுதான் இயந்திரமும் சொல்லும். கீவேர்ட் வகையாக வையுங்கள்.

கடைசியாக, இருக்கத் தேவையில்லாத வெறுமை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு யூனிட் எண் கட்டாயம். தரைவீட்டுக்கு அப்படி ஒன்று கிடையாது. யூனிட் எண் இல்லாதவற்றை மொத்தமாகக் கேட்டால் எல்லாத் தரைவீடுகளும் தனிக் கட்டட முகவரிகளும் வந்து குவியும். அது பிழைப் பட்டியல் அல்ல. எந்தப் புலம், எந்த வகை இடத்துக்குக் கட்டாயம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகே வினவலுக்குப் போங்கள்.

அடிப்படை வினவல், படிப்படியாக

1. மேப்பிங்கைக் கேட்டு வாங்குங்கள். தேடப் போகும் புலத்தின் பெயரை அங்கிருந்தே நகலெடுங்கள், கையால் தட்டச்சிடாதீர்கள். ஏன் என்று கீழே வருகிறது.

2. _கவுண்ட் முகவரிக்கு எந்த வினவலும் இல்லாமல் ஒரு கோரிக்கை அனுப்புங்கள். இது மொத்தம்.

3. அதே முகவரிக்கு, புலத்தில் மதிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸிஸ்ட்ஸ் வினவல்; அதற்குள் ஃபீல்ட் என்ற இடத்தில் தமிழ்ப் பெயர் புலம். இது உள்ளவை.

4. இப்போது வெளியே பூல் (நிபந்தனைகளைச் சேர்த்துக் கட்டும் வினவல்), அதற்குள் மஸ்ட்_நாட் ('இருக்கக் கூடாது'), அதற்குள் முந்தைய எக்ஸிஸ்ட்ஸ். இது இல்லாதவை.

5. உள்ளவையும் இல்லாதவையும் கூடி மொத்தத்துக்குச் சமமாக வேண்டும். உள்ளவை சுழியமாக இருக்கக் கூடாது.

ஐந்தாம் படியில் இரண்டாவது நிபந்தனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புலத்தின் பெயரில் ஓர் எழுத்து பிழையானால் எலாஸ்டிக்சர்ச் பிழைச் செய்தி தராது. அப்படி ஒரு புலம் எந்த ஆவணத்திலும் இல்லை, எனவே எல்லா ஆவணங்களும் 'இல்லாதவை' என்று அமைதியாகச் சொல்லிவிடும். சுழியமும் மொத்தமும் கூடினால் மொத்தம்தான். கூட்டல் சரியாக வரும், விடை முழுக்கத் தவறாக இருக்கும்.

புலப் பெயரைத் தமிழிலேயே வைத்திருப்பவர்களுக்கு இதில் கூடுதல் கண்ணி உண்டு. 'தொலைபேசி' என்பதில் உள்ள 'தொ' யூனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒன்று, எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இடுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. இயந்திரத்துக்கு இரண்டு வெவ்வேறு புலங்கள். பாதி ஆவணங்கள் ஒரு பெயரிலும் மீதி இன்னொரு பெயரிலும் ஏறியிருந்தால், மேப்பிங்கில் ஒரே பெயர் இரண்டு தடவை இருப்பதுபோல் தெரியும். அங்கே சந்தேகப்படுங்கள். 'கோயில்' போன்ற மதிப்புகளுக்கும் இது பொருந்தும். ஏற்றும் நிரலில், புலப் பெயர், மதிப்பு இரண்டையும் என்.எஃப்.சி. என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டே அனுப்புங்கள்.

மொத்தம் ஒத்துவரவில்லை என்றால் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள். _கேட் இண்டெக்ஸ் பட்டியலில் காட்டும் ஆவண எண்ணிக்கை, நெஸ்டட் புலங்களுக்காக (பட்டியலின் ஒவ்வோர் உருப்படியையும் தனி ஆவணமாக வைக்கும் வகை) உள்ளே ஒளிந்திருக்கும் குட்டி ஆவணங்களையும் சேர்த்த கணக்கு. _கவுண்ட் தருவதுதான் நம் கணக்கு.

பழைய பாடங்களில் மிஸ்ஸிங் என்ற பெயரில் தனி வினவல் இருப்பதைப் பார்ப்பீர்கள். அது 5.0 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. மஸ்ட்_நாட், எக்ஸிஸ்ட்ஸ் இணைதான் இன்றைய வழி.

வெற்றுச் சரங்களையும் சேர்த்துப் பிடிக்க வேண்டுமானால் வெளி பூலுக்குள் ஷுட் ('அல்லது') போட்டு இரண்டு கிளைகள் வையுங்கள். ஒரு கிளை: தனி பூல், அதற்குள் மஸ்ட்_நாட் எக்ஸிஸ்ட்ஸ். மறு கிளை: கீவேர்ட் துணைப்புலத்தில் டெர்ம்ஸ் வினவல், மதிப்புகளாக வெற்றுச் சரம், ஒற்றைக் கோடு, 'என்.ஏ.' போன்றவை. டெக்ஸ்ட் புலத்தில் வெற்றுச் சரத்தைத் தேட முடியாது. சொல்லாகப் பிரித்தால் அங்கே ஒரு சொல்லும் மிஞ்சாது. அதற்குத்தான் கீவேர்ட். முதல் கிளைக்கு ஏன் தனி பூல் என்றால், ஷுட்டையும் மஸ்ட்_நாட்டையும் ஒரே பூலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 'அல்லது' என்று நீங்கள் நினைத்தது 'மேலும்' ஆகிவிடும்: வெற்றுச் சரம் உள்ளவையாகவும் இருக்க வேண்டும், புலம் இல்லாதவையாகவும் இருக்க வேண்டும். விடை எப்போதும் சுழியம்.

வேகம்

இண்டெக்ஸில் சில லட்சம் ஆவணங்கள்தான் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். நேரடி வினவலே போதும். கோடிகளில் இருந்தால் படியுங்கள்.

எக்ஸிஸ்ட்ஸ் எப்படி விடை தேடுகிறது என்பது மேப்பிங்கைப் பொறுத்தது. கீவேர்ட், எண், தேதிப் புலங்களுக்கு இயல்பாகவே டாக்_வேல்யூஸ், அதாவது ஆவண வாரியாக மதிப்புகளை வைக்கும் சேமிப்பு, இருக்கும். எந்த ஆவணத்தில் மதிப்பு இருக்கிறது என்பது அதிலிருந்தே தெரியும். டெக்ஸ்ட் புலத்துக்கு நார்ம்ஸ், அதாவது மதிப்பெண் கணக்குக்காகப் புலத்தின் நீளத்தைக் குறித்துவைப்பது, உதவுகிறது. இரண்டும் இல்லாத புலமானால் _ஃபீல்ட்_நேம்ஸ் என்ற உட்புலத்தில் பெயர் எழுதப்பட்டு, அங்கே டெர்ம் தேடல் நடக்கும். மூன்றும் நல்ல வேகம்தான். ஆனால் இடம் மிச்சப்படுத்த இண்டெக்ஸ் ஃபால்ஸ், டாக்_வேல்யூஸ் ஃபால்ஸ் என்று இரண்டையும் அணைத்து வைத்திருந்தால், அந்தப் புலம் இருக்கிறதா இல்லையா என்பதை எக்ஸிஸ்ட்ஸால் சொல்லவே முடியாது. மறுபடியும் எல்லா ஆவணங்களும் 'இல்லாதவை' ஆகும்.

வேகத்துக்கு மிகப் பெரிய உதவி, கழிப்பதற்கு முன் மொத்தத்தைச் சுருக்குவது. 'தமிழ்ப் பெயர் இல்லாதவை' என்று மட்டும் கேட்காமல், ஃபில்டர் பகுதியில் வட்டாரம் பிடோக், வகை உணவகம், கடந்த 30 நாள்களில் மாறியவை என்று நேர்மறை நிபந்தனைகளைச் சேருங்கள். லூசீன் முதலில் மிகச் சிறிய பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் மட்டும் புலம் இருக்கிறதா என்று பார்க்கும். கோடி ஆவணங்களைக் கடக்கும் வேலை சில ஆயிரமாகச் சுருங்கும். தொண்டூழியர்களும் வட்டாரம் வட்டாரமாகத்தான் வேலை செய்கிறார்கள், ஆக இது அவர்களுக்கும் பொருத்தம். அந்த நிபந்தனைகளை மஸ்ட்டில் போடாமல் ஃபில்டரில் போடுங்கள். மதிப்பெண் கணக்கிடும் வேலை மிச்சம். வெறும் மஸ்ட்_நாட் வினவலில் எல்லா ஆவணத்துக்கும் மதிப்பெண் சுழியம்தான், எனவே வரிசை வேண்டுமானால் எந்தப் புலத்தால் வரிசைப்படுத்துவது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் _கவுண்ட்டோடு நிறுத்துங்கள். தேடல் முகவரியைத்தான் பயன்படுத்துவேன் என்றால் சைஸ் 0 போடுங்கள். கவனம்: தேடல் பதிலில் வரும் மொத்தம் இயல்பாக 10,000இல் நின்றுவிடும். அறிக்கையில் 'சரியாக 10,000 இடங்களுக்குத் தமிழ்ப் பெயர் இல்லை' என்று யாராவது எழுதியிருந்தால் காரணம் இதுதான். சரியான எண் வேண்டுமானால் ட்ராக்_டோட்டல்_ஹிட்ஸ் ட்ரூ.

ஸ்கிரிப்ட் வினவல் எழுதி, புலத்தின் அளவு சுழியமா என்று ஒவ்வோர் ஆவணத்திலும் பார்க்கும் வழி இணையத்தில் நிறையக் கிடைக்கும். விடை சரியாக வரும். ஆனால் நிபந்தனைக்குள் வரும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஸ்கிரிப்ட் ஓடும். எக்ஸிஸ்ட்ஸ் செய்யும் வேலைக்கு அது தேவையில்லை. எங்கே நேரம் போகிறது என்று தெரியவில்லை என்றால் வினவலில் ப்ரொஃபைல் ட்ரூ சேர்த்து அனுப்பிப் பாருங்கள். பகுதி பகுதியாக நேரத்தைக் காட்டும்.

பல இண்டெக்ஸ்களை ஒரே மாற்றுப்பெயரில் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இடங்கள், நிகழ்ச்சிகள் இரண்டும் ஒரே மாற்றுப்பெயரில் இருந்தால், நிகழ்ச்சிகளுக்கு 'தமிழ்ப் பெயர்' என்ற புலமே கிடையாது. அத்தனை நிகழ்ச்சிகளும் விடுபட்ட இடங்களாக எண்ணப்படும். _இண்டெக்ஸ் புலத்தில் ஒரு டெர்ம் ஃபில்டர் போட்டால் சரியாகும்.

உள்ளடங்கிய புலங்கள்

ஒவ்வோர் இடத்துக்கும் திறக்கும் நேரங்கள் ஒரு பட்டியலாக இருக்கின்றன: நாள், திறப்பு, மூடல். 'மூடும் நேரம் இல்லாத இடங்கள்' என்ற கேள்விக்கு இரண்டு பொருள். ஒரு நாளுக்காவது மூடும் நேரம் விடுபட்ட இடமா, எந்த நாளுக்குமே மூடும் நேரம் இல்லாத இடமா?

அந்தப் பட்டியல் நெஸ்டட் வகையாக இருந்தால் மஸ்ட்_நாட்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் விடை மாறும். நெஸ்டட்டுக்குள் மஸ்ட்_நாட் வைத்தால் முதல் பொருள். மஸ்ட்_நாட்டுக்குள் நெஸ்டட் வைத்தால் இரண்டாம் பொருள். நேரப் பட்டியலே இல்லாத இடங்களும் இதில் சேரும், முதலாவதில் சேராது. பட்டியல் சாதாரண ஆப்ஜெக்ட் வகையாக இருந்தால் முதல் கேள்வியைக் கேட்கவே வழியில்லை. ஏழு நாள்களின் மதிப்புகளும் ஒரே குவியலாகத் தட்டையாகிவிடும். ஏழில் ஒன்றுக்கு மூடல் இருந்தாலும் புலம் இருக்கிறது என்பதே விடை.

'இல்லை' என்பதையே எழுதி வைப்பது

இனி இரண்டாம் வழி. விடுபட்டவை என்ற பெயரில் ஒரு கீவேர்ட் புலம் வையுங்கள். ஆவணம் ஏறும்போது கட்டாயப் புலங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, இல்லாதவற்றின் பெயர்களை அந்தப் புலத்தில் வரிசையாக எழுதிவிடுங்கள். தமிழ்ப் பெயரும் தொலைபேசியும் இல்லாத கடைக்கு விடுபட்டவை புலத்தில் அந்த இரண்டு பெயர்கள். எல்லாம் நிறைந்த ஆவணத்தில் அந்தப் புலமே வேண்டாம்.

இப்போது 'தமிழ்ப் பெயர் இல்லாதவை' என்பது சாதாரண டெர்ம் வினவல். இயந்திரத்தில் அதற்கென்று ஒரு வரி இருக்கிறது. கழித்தல் இல்லை, மொத்தத்தைத் தொட வேண்டியதில்லை. அந்தப் புலத்தின் மேல் ஒரு டெர்ம்ஸ் தொகுப்பு (மதிப்பு வாரியாக எண்ணித் தரும் அக்ரிகேஷன்) போட்டால், எந்தப் புலம் எத்தனை இடங்களில் விடுபட்டிருக்கிறது என்று ஒரே வினவலில் இறங்குவரிசையில் வந்துவிடும். தனித்தனி உண்மை/பொய்ப் புலங்கள் வைப்பதைவிட இந்த வரிசை முறையே எங்களுக்குப் பிடித்தது. புதிய கட்டாயப் புலம் சேர்க்கும்போது மேப்பிங்கைத் தொட வேண்டாம்.

செய்யும் முறை:

1. மேப்பிங்கில் விடுபட்டவை என்பதைக் கீவேர்ட் என்று வெளிப்படையாக அறிவியுங்கள். தானாக உருவாகவிட்டால் டெக்ஸ்ட் ஆகிவிடும்.

2. ஆவணம் ஏறும் வழியிலேயே அதைத் திருத்தும் இன்ஜெஸ்ட் பைப்லைன் ஒன்று எழுதுங்கள். முதலில் ட்ரிம் ப்ராசசர், ஓரத்து இடைவெளிகளை நீக்க. புலம் இல்லாத ஆவணத்தில் அது பிழை எழுப்பாமல் இருக்க இக்னோர்_மிஸ்ஸிங் ட்ரூ. பிறகு ஸ்கிரிப்ட் ப்ராசசர்: பழைய விடுபட்டவை பட்டியலை அழித்துவிட்டு, ஒவ்வொரு கட்டாயப் புலத்தையும் 'நல்' மதிப்பா, வெற்றுச் சரமா, வெற்று வரிசையா, ஒற்றைக் கோடா என்று பார்த்துப் புதிய பட்டியல் போட வேண்டும். யூனிட் எண்ணைச் சோதிக்கும் வரிக்கு முன் இடவகை வீவகவா என்ற நிபந்தனை.

3. சிமுலேட் முகவரியில் நான்கைந்து மாதிரி ஆவணங்களைக் கொடுத்துப் பாருங்கள்: எல்லாம் உள்ளது, நல் உள்ளது, வெற்றுச் சரம் உள்ளது, தரைவீடு, புலமே இல்லாதது.

4. இண்டெக்ஸ் அமைப்பில் டிஃபால்ட்_பைப்லைன் என்று அதன் பெயரைக் கொடுங்கள். இனி வரும் ஆவணங்கள் அதன் வழியாகப் போகும்.

5. ஏற்கெனவே உள்ளவற்றுக்கு _அப்டேட்_பை_குவெரி, அதில் பைப்லைன் அளவுருவாக அதே பெயர். கான்ஃப்ளிக்ட்ஸ் ப்ரொசீட் போட்டால் நடுவில் யாராவது ஓர் ஆவணத்தைத் திருத்தினாலும் வேலை நிற்காது. வெய்ட்_ஃபார்_கம்ப்ளீஷன் ஃபால்ஸ் கொடுத்தால் ஒரு பணி எண் திரும்பி வரும்; முன்னேற்றத்தை அதை வைத்துப் பார்க்கலாம்.

ஐந்தாம் படி மலிவானதல்ல. ஒவ்வோர் ஆவணமும் பழையது நீக்கப்பட்டு முழுதாக மறுபடி எழுதப்படுகிறது. ரெக்வெஸ்ட்ஸ்_பெர்_செகண்ட் மூலம் வேகத்தைக் கட்டுப்படுத்தி, ஆள் நடமாட்டம் குறைந்த பின்னிரவில் ஓட்டுங்கள். கட்டாயப் புலங்களின் விதி மாறும் ஒவ்வொரு முறையும் இதை மறுபடி ஓட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இந்த வழியின் பலவீனம், கொடி, அதாவது விடுபட்டவை புலத்தில் எழுதிய குறிப்பு, பழசாகிப்போவது. முழு ஆவணமாக ஏற்றினால் பைப்லைன் ஓடும். பகுதித் திருத்தமாக, அதுவும் பல திருத்தங்களை ஒரே கோரிக்கையில் அனுப்பும் _பல்க் வழியாக, தமிழ்ப் பெயரை மட்டும் அனுப்பினால் பைப்லைன் ஓடும் என்று நம்பிவிடக் கூடாது. பெயர் நிரம்பிவிடும், விடுபட்டவை பட்டியலில் அது இன்னும் இருக்கும். தொண்டூழியர் நிரப்பிய இடமே அடுத்த வாரமும் அவர் மேசைக்கு வரும். உங்கள் செயலி பகுதித் திருத்தம் செய்யும் வகை என்றால், பட்டியல் போடும் வேலையைப் பைப்லைனில் வைக்காமல் செயலியின் ஏற்றும் நிரலிலேயே வைத்துவிடுங்கள். எப்படியானாலும் வாரம் ஒருமுறை, கொடி சொல்லும் எண்ணிக்கையையும் மஸ்ட்_நாட் எக்ஸிஸ்ட்ஸ் சொல்லும் எண்ணிக்கையையும் ஒப்பிட ஒரு சிறு நிரல் ஓடட்டும். வெற்றுச் சரங்களைக் கொடி பிடிக்கும், எக்ஸிஸ்ட்ஸ் பிடிக்காது என்பதால் ஒப்பிடும்போது முன்னே சொன்ன இரண்டு கிளை வினவலையே பயன்படுத்துங்கள்.

மேப்பிங்கில் நல்_வேல்யூ என்ற வசதியும் உண்டு: நல் வந்தால் அதற்குப் பதில் 'இல்லை' போன்ற ஒரு சொல்லை இண்டெக்ஸில் எழுதும். ஒரு வரியில் முடிகிறதே என்று ஆசை வரும். ஆனால் வெளிப்படையாக நல் என்று வந்தால் மட்டுமே அது வேலை செய்யும். புலமே வராவிட்டாலும், வெற்று வரிசை வந்தாலும் செய்யாது. டெக்ஸ்ட் புலத்துக்கு அது இல்லவே இல்லை. எண் புலத்தில் -1 போன்ற பொய் மதிப்பை வைத்தால், பிறகு சராசரி கேட்கும்போது அதுவும் கூட்டலில் சேர்ந்துகொள்ளும். தரவை அனுப்பும் நிரல் எப்போதும் நல்லை எழுதும் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய இதைத் தவிர்த்துவிடலாம்.

பட்டியலை வெளியே எடுப்பது

ஃப்ரம், சைஸ் வைத்துப் பக்கம் பக்கமாகப் போனால் 10,000க்கு மேல் இயந்திரம் மறுத்துவிடும். அந்த எல்லையை அமைப்பில் உயர்த்துவது நினைவகத்துக்குக் கேடு. பாயின்ட் இன் டைம் ஒன்றைத் திறந்து, சர்ச்_ஆஃப்டர் மூலம் ஆயிரம் ஆயிரமாக நகருங்கள். இதில் இன்னொரு நன்மை: நீங்கள் பட்டியல் எடுக்கும்போதே யாராவது பெயரை நிரப்பிக்கொண்டிருந்தாலும், திறந்த நேரத்து நிலைமையே கடைசி வரை தெரியும், நடுவில் ஆவணங்கள் நழுவாது. _சோர்ஸ் பகுதியில் அடையாள எண், ஆங்கிலப் பெயர், முகவரி மூன்றை மட்டும் கேளுங்கள். முழு ஆவணம் தேவையில்லை.

நிரப்பி முடித்தவுடன் மறுபடி எண்ணினால் பழைய எண்ணே வருகிறது என்று புகார் வரும். இண்டெக்ஸ் புதுப்பிக்கப்படுவது இயல்பாக நொடிக்கு ஒருமுறை. ஏற்றும் வேகத்துக்காக அந்த இடைவெளியைப் பலர் 30 நொடியாக்கி வைத்திருப்பார்கள். சோதனையின்போது மட்டும் கையால் ஒரு ரிஃப்ரெஷ் அனுப்புங்கள். செயலி ஒவ்வொரு முறை ஆவணத்தை எழுதும்போதும் ரிஃப்ரெஷ் வைக்காதீர்கள்.

எலாஸ்டிக்சர்ச் தரவைத் திரையில் பார்க்கும் கருவியான கிபானாவின் தேடல் பெட்டியில் நாட், புலப் பெயர், முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி என்று இட்டால் இதே வினவல்தான். பலகையில் நிரந்தரமாகக் காட்ட மிஸ்ஸிங் என்ற தொகுப்பு இருக்கிறது. நீக்கப்பட்டது அந்தப் பெயருள்ள வினவல்தான், தொகுப்பு அல்ல.

லூசீன் மேல் கட்டப்பட்ட இன்னொரு தேடல் இயந்திரமான சோலர் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கழித்தல் குறியிட்டு, புலம், நட்சத்திரத்திலிருந்து நட்சத்திரம் வரை என்ற வீச்சு வினவல். அது வெளி மட்டத்தில் தனியாக நின்றால் வேலை செய்யும். அடைப்புக்குறிக்குள் வேறு நிபந்தனையோடு 'அல்லது' போட்டுச் சேர்த்தால் அந்தப் பகுதி ஒன்றுமே தராது, ஏனென்றால் வெறும் எதிர்மறைக்குக் கழிக்க எதுவும் இல்லை. அடைப்புக்குள் முதலில் நட்சத்திரம், முக்காற்புள்ளி, நட்சத்திரம் என்று மொத்தத்தையும் எடுத்துக்கொடுத்து அதன் பிறகு கழிக்கச் சொல்லுங்கள்.

இல்லாதவற்றை அழிக்கும் _டிலீட்_பை_குவெரியை இந்த வினவலோடு ஓட்டும் எண்ணம் இருந்தால், அதே வினவலை அதே புலப் பெயரோடு முதலில் _கவுண்ட்டில் ஓட்டிப் பாருங்கள். வரும் எண் மொத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தால் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு மேப்பிங்கைத் திறங்கள்.